அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுக்குள் ஏற்படும் ஒட்டுத்திசு வலி: புதிய சிகிச்சையை எங்கே தேடுவது?

குடல்வால் அறுவை சிகிச்சையும், பின்னர் கருப்பை நீக்கமும் செய்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். வயிற்றுக்குள் ஒட்டுத்திசு, அதாவது அட்ஹிஷன், இருப்பதாகச் சொல்லி லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவை, மூலம் அதைப் பிரித்துவிட்ட பிறகும் சில மாதங்களில் வலி திரும்பிவிட்டது. மறுபடியும் அறுவை சிகிச்சைக்குப் போவதா, அல்லது இந்த ஒட்டுகளைக் கரைக்கும் புதிய மருந்து எங்காவது வந்திருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதிர்ந்துவிட்ட ஒட்டுத்திசுவைக் கரைக்கும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, ஒட்டு உருவாகாமல் தடுப்பதைப் பற்றியது. ஆயினும் உங்களுக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலி உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதிலும், மறு அறுவை யாருக்குப் பயன் தரும் என்று கத்தியை எடுப்பதற்கு முன்பே மதிப்பிடுவதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. உங்கள் தேடலை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் கருத்து.

மற்றவற்றுக்கு முன் ஓர் எச்சரிக்கை. வலியோடு தொடர் வாந்தி, வயிறு உப்பிக்கொண்டே போவது, காற்றும் மலமும் வெளியேறாமல் நின்றுவிடுவது ஆகியவை சேர்ந்து வந்தால் அது குடலடைப்பாக இருக்கலாம். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தாலோ குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக்கூடும். அப்போது எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இனி நான் எழுதுவதெல்லாம் அத்தகைய அவசரம் இல்லாத நாட்பட்ட வலியைப் பற்றியது.

கரைக்கும் மருந்து ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, ஒட்டு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். வயிற்றறையின் உட்சுவரையும் குடல் முதலிய உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற சவ்வின் மேற்பரப்பில் ஒரே ஓர் அடுக்கு மீசோதீலியச் செல்கள் இருக்கின்றன. ஈரக் கண்ணாடித் தகடுகளைப் போல உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வது இந்த மெல்லிய அடுக்கால்தான். அறுவையின்போது வெட்டுவது மட்டுமன்றி, கையால் தொடுவது, பஞ்சால் ஒற்றுவது, காற்றில் உலர்வது ஆகியவையும் இந்த அடுக்கைச் சிதைக்கின்றன. சிதைந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற பிசுபிசுப்பான புரதம் படிந்து, அருகருகே இருக்கும் பரப்புகளைத் தற்காலிகமாக இணைக்கிறது. இயல்பான நிலையில் மீசோதீலியச் செல்கள் சுரக்கும் டிபிஏ என்ற பொருளின் துணையால் இந்த ஃபைப்ரின் சில நாட்களில் கரைந்துவிடும். ஆனால் காயத்தாலும் அழற்சியாலும் அந்தக் கரைக்கும் திறன் குறைந்துவிட்டால், ஃபைப்ரின் வலைக்குள் நார்த்திசுச் செல்கள் புகுந்து கொலாஜன் என்ற உறுதியான நார்ப் புரதத்தைப் படிய வைக்கின்றன. அதற்குள் இரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் வளர்ந்து அது நிரந்தரத் திசுவாகிவிடுகிறது. எது கரையும், எது தங்கும் என்பது ஏறத்தாழ முதல் ஒரு வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது.

பல மாதங்கள் கழித்து உங்கள் வயிற்றுக்குள் இருப்பது ஃபைப்ரின் அன்று; இரத்த ஓட்டமுள்ள, உயிருள்ள திசு. கொலாஜனை அழிக்கக்கூடிய ஒரு பொருளை உடலுக்குள் செலுத்தினால், அது தேவையற்ற ஒட்டையும் குடலின் சுவரையும் வேறுபடுத்திப் பார்க்காது. செர்ராபெப்டேஸ், நாட்டோகைனேஸ் போன்ற நொதி மாத்திரைகள் ஒட்டுகளைக் கரைக்கும் என்று பரவலாக விற்கப்படுகின்றன. அவை முதிர்ந்த ஒட்டுகளைக் கரைத்ததாக மனிதர்களிடம் நம்பத்தக்க சான்று இல்லை. நாட்டோகைனேஸ் இரத்தம் உறைவதையும் பாதிக்கக்கூடியது என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். ஸ்டெம் செல் ஊசியால் ஒட்டுகள் மறையும் என்று பணம் கேட்பவர்களிடமும் விலகியே இருங்கள். வலியில் இருப்பவரின் நம்பிக்கையை விலைக்கு வாங்கும் இந்த வியாபாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்து, சற்றுக் கசப்பான ஒரு செய்தி. ஒட்டுகள் இருப்பது ஒன்று. வலிக்கு அவையே காரணம் என்பது வேறொன்று. 1990-இல் வெளியான மென்சீஸ், எல்லிஸ் ஆகியோரின் ஆய்வில், முன்பே வயிற்று அறுவை செய்துகொண்டு மீண்டும் அறுவைக்கு வந்த 210 பேரில் 93 சதவீதத்தினருக்கு வயிற்றுக்குள் ஒட்டுகள் இருந்தன. அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோருக்கும் ஒட்டு இருக்கிறது, ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு நாட்பட்ட வலி இல்லை. ஒட்டுத்திசுவுக்குள் நரம்பிழைகள் இருப்பது நுண்ணோக்கியில் உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது என்றாலும், அவை வலி உள்ளவர்களிடமும் காணப்பட்டன, வலி இல்லாதவர்களிடமும் காணப்பட்டன. எனவே லேப்ராஸ்கோப்பியில் ஒட்டு தென்பட்டது என்பதாலேயே காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். உங்கள் வலி கற்பனை என்று இதற்குப் பொருளல்ல. வலி மெய்யானது; அதன் காரணம்தான் இன்னும் தீர்மானமாகவில்லை.

இந்த ஐயத்தை நேராகச் சோதித்த ஆய்வு 2003-இல் லான்செட் இதழில் வந்தது. நெதர்லாந்தில் நாட்பட்ட வயிற்று வலியும் ஒட்டுகளும் இருந்த 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 52 பேருக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுகளைப் பிரித்தார்கள். மற்ற 48 பேருக்கு உள்ளே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். தமக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. ஓராண்டு கழித்து இரு பிரிவினருக்கும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அதே நோயாளிகளைச் சுமார் 12 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஒட்டுகளைப் பிரித்துக்கொண்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மேம்பட்டதாக இல்லை, சற்றுப் பின்தங்கியே இருந்தது. முதல் சில மாதங்கள் நன்றாக இருந்து பின்னர் வலி திரும்பியது என்ற உங்கள் அனுபவம் இந்த முடிவுகளோடு பொருந்திப்போகிறது.

பிரித்த இடத்திலேயே ஒட்டுகள் பெரும்பாலும் மீண்டும் உருவாகின்றன, ஏனெனில் பிரிப்பதும் பெரிடோனியத்துக்கு ஒரு காயமே. அபாயமும் சிறியதன்று. நெதர்லாந்தில் 755 வயிற்று அறுவைகளைக் கூர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுகளைப் பிரிக்க வேண்டியிருந்த 475 அறுவைகளில் 50-இல், அதாவது 10.5 சதவீதத்தில், எதிர்பாராமல் குடலில் காயம் ஏற்பட்டது. பிரிக்கத் தேவைப்படாத அறுவைகளில் ஒன்றில்கூட அப்படி நேரவில்லை. குடலில் விழும் ஓட்டை உடனே கண்ணில் பட்டால் தைத்துவிடலாம். கண்ணில் படாமல் போனால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் பல அறுவை மருத்துவர்கள் வலிக்காக மட்டும் மறுபடி வயிற்றைத் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் மறு அறுவை யாருக்குமே பயன்படாதா? 1992-இல் வெளிவந்த, 48 பெண்களைக் கொண்ட ஒரு சிறிய ஆய்வில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை என்றாலும், குடலைப் பிணைத்திருந்த தடித்த, இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒட்டுகள் கொண்டவர்களுக்கு மட்டும் வலி குறைந்தது. இந்தச் சிறிய குறிப்புதான் இன்றைய முக்கியமான முன்னேற்றத்துக்கு இட்டுச் செல்கிறது. வழக்கமான ஸ்கேனில், ஏன், சிடி ஸ்கேனில்கூட, ஒட்டுகள் பெரும்பாலும் தெரிவதில்லை. சினி எம்ஆர்ஐ என்ற முறையில் ஒரு நிலைப்படம் எடுப்பதில்லை. நீங்கள் படுத்திருந்து, சொல்லும்போது வயிற்றை முக்கித் தளர்த்த, அதே வெட்டுப் பரப்பில் தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றை ஓடவிட்டுப் பார்த்தால், ஒட்டில்லாத இடத்தில் குடல் வயிற்றுச் சுவரின் கீழே தாராளமாக வழுக்கிச் செல்வதும், ஒட்டுள்ள இடத்தில் அது சுவரோடு சேர்ந்தே இழுபடுவதும் தெரியும். இழுபடும் இடமும் நீங்கள் விரலால் தொட்டுக் காட்டும் இடமும் ஒன்றாக இருந்தால், ஒட்டே காரணம் என்ற வாதம் வலுக்கிறது. வேறு வேறாக இருந்தால் அறுவையைத் தவிர்ப்பதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதையே ஒரு சிகிச்சைத் திட்டமாக்கினார்கள். படத்தில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று வரைந்துகொண்டு, நோயாளியோடு அமர்ந்து நன்மை தீமைகளைப் பேசி, தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் ஒட்டுகளைப் பிரித்து, அதே அமர்வில் தடுப்புப் பொருளையும் வைத்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் வலி குறைந்தவர்களின் விகிதம், செய்துகொள்ளாதவர்களைவிட அதிகமாக இருந்தது. இது குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு அன்று என்பதை மறந்துவிடக் கூடாது. அறுவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் தொடக்கத்திலேயே பலன்பெறத் தகுந்தவர்களாக இருந்திருக்கலாம். இருந்தாலும் மறு அறுவையைப் பற்றி நீங்கள் யோசிப்பதாக இருந்தால், இந்த முறையைப் போன்ற முன்தேர்வோடு செய்யும் இடத்தைத் தேடுவதே பொருளுள்ள தேடல். படத்தைப் படிக்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். கருவி மட்டும் இருந்தால் போதாது.

தடுப்புப் பொருள்களைப் பற்றியும் தெளிவாக இருப்பது நல்லது. ஹயலுரோனிக் அமிலமும் கார்பாக்சிமெதில் செல்லுலோஸும் சேர்ந்த செப்ராஃபில்ம் என்ற மெல்லிய ஏடு, ஆக்சிஜனேற்றப்பட்ட செல்லுலோஸால் ஆன இன்டர்சீட் என்ற துணி, ஐகோடெக்ஸ்ட்ரின் 4 சதவீதக் கரைசலான அடெப்ட் ஆகியவை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளவை. காயப்பட்ட பரப்புகளை அந்த முக்கியமான முதல் நாட்களில் விலக்கி வைத்துவிட்டு, பிறகு உடலால் உறிஞ்சப்பட்டுவிடுவதே இவற்றின் வேலை. இன்டர்சீட் இரத்தத்தில் நனைந்தால் பயனற்றுப்போகும். செப்ராஃபில்மைக் குடலை வெட்டி இணைத்த இடத்தின்மேல் சுற்றக் கூடாது. ஒட்டுகளின் அளவை இவை குறைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. வலியைக் குறைக்கின்றன என்பதற்கான சான்று மிக மெலிவானது, ஏனெனில் பெரும்பாலான ஆய்வுகள் ஒட்டை அளந்தனவே தவிர வலியை அளக்கவில்லை.

இன்டர்ஜெல் என்ற பொருளின் வரலாறு இங்கே நினைவுகூரத் தக்கது. இரும்புச் சத்தோடு பிணைத்த ஹயலுரோனிக் அமிலக் கூழான அது, ஒட்டுகளைக் குறைக்கும் என்று அங்கீகாரம் பெற்றுச் சந்தைக்கு வந்தது. பின்னர், அறுவைக்குச் சில காலம் கழித்து வலி வருவதாகவும் மறு அறுவை தேவைப்படுவதாகவும் புகார்கள் வந்ததால், 2003-இல் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

ஆராய்ச்சிக்கூடங்களில் நடப்பதில் எனக்கு உண்மையான நம்பிக்கை தருபவை சில உண்டு. 2018-இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழுவினர், காயப்பட்ட மீசோதீலியச் செல்களே ஒட்டு உருவாவதில் முன்னணியில் இருப்பதைக் காட்டி, அந்தச் செல்களின்மேல் வெளிப்படும் மீசோதெலின் என்ற புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளால் எலிகளில் ஒட்டுகளைக் குறைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு குழு 2020-இல், நார்த்திசுச் செல்களில் ஜுன் என்ற மரபணுவின் செயல்பாட்டைத் தடுத்தால் ஒட்டுகள் குறைவதைக் கண்டது. 2021-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில், வயிற்றறைத் திரவத்தில் மிதக்கும், கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் காயத்தின்மேல் மிக விரைவாகத் திரண்டு அடைப்பதையும், அந்தத் திரட்சி அளவு மீறும்போது ஒட்டுக்கு வித்திடுவதையும் நேரடியாகப் படம்பிடித்தார்கள். இவையெல்லாம் அடிப்படையான கண்டுபிடிப்புகள். ஆனால் பெரும்பாலும் எலிகளில், அறுவை நடக்கும் நேரத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை. மருந்தாக வந்தாலும், இனிமேல் அறுவைக்குப் போகிறவர்களுக்கே முதலில் பயன்படும். செய்தித் தலைப்பில் 'ஒட்டுகளுக்குச் சிகிச்சை கண்டுபிடிப்பு' என்று படித்தால், அது உருவாவதைத் தடுத்ததா, உருவானதை நீக்கியதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் வலிக்குத் திரும்புகிறேன். ஒட்டின்மேல் பழி விழும் வலியில் ஒரு பகுதி வயிற்றுக்குள்ளிருந்தே வருவதில்லை. வயிற்றுச் சுவரின் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் நரம்புகள் அங்கே சிக்கிக்கொள்வதும், அறுவைத் தழும்பில் நரம்பு மாட்டிக்கொள்வதும் அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் காரணங்கள். இதற்குக் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926-இலேயே எளிய சோதனையைச் சொல்லிவிட்டார். மல்லாந்து படுத்திருக்கும் உங்களின் வலி மிகுந்த புள்ளியை மருத்துவர் விரலால் அழுத்திப் பிடித்திருக்க, நீங்கள் கைகளை ஊன்றாமல் தலையையும் தோள்களையும் தூக்க வேண்டும். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால் அது சுவரிலிருந்து வருவதாகவும், குறைந்தால் உள்ளிருந்து வருவதாகவும் கொள்ளலாம். சுவர் வலி என்று தோன்றினால், அந்தப் புள்ளியில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுப் பார்க்கலாம். வலி சட்டென்று விலகினால் நோயும் கண்டறியப்பட்டது, சிகிச்சையும் தொடங்கிவிட்டது. எந்திரம் எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை உங்களுக்குச் செய்யப்படவில்லை என்றால், மறு அறுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்யச் சொல்லுங்கள். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், தழும்புக் குடலிறக்கம், எரிச்சல் குடல் நோய், இடுப்புத்தளத் தசை இறுக்கம் ஆகியவையும் விலக்கப்பட வேண்டியவை.

நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடுகிறது. முதலில் வலியைத் தூண்டியது எதுவாக இருந்தாலும், பிறகு சாதாரணக் குடல் அசைவும் வலியாக உணரப்படலாம். அதனால்தான் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற, நரம்பு வலிக்கான மருந்துகள் சிலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் எல்லா மருந்தும் எல்லோருக்கும் அல்ல: லேப்ராஸ்கோப்பியில் காரணம் எதுவும் தெரியாத நாட்பட்ட இடுப்பறை வலி கொண்ட 306 பெண்களிடம் கேபபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில், அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக இல்லை, தலைசுற்றலும் மயக்கமும்தான் அதிகமாயின. மார்ஃபின் வகை மருந்துகளை நீண்டகாலம் எடுப்பது குடலின் அசைவை மந்தப்படுத்தி, மலச்சிக்கலோடு புதிய வயிற்று வலியையும் உண்டாக்கும். நாளாக ஆக மருந்தின் அளவும் கூடும், வலியும் கூடும். ஒட்டு வலிக்கு இதை நிலையான தீர்வாகக் கொள்ள வேண்டாம். ஏற்கெனவே எடுத்துவந்தால், திடீரென நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கைகளால் வயிற்றை அழுத்தி நெகிழ்த்தும் பிசியோதெரபியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எலிகளில் இத்தகைய அசைவு புதிய ஒட்டுகளைக் குறைத்ததாக ஆய்வு உண்டு. முதிர்ந்த ஒட்டுகளை அது கையால் பிரித்துவிடும் என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் தசை இறுக்கத்தையும், வலிக்குப் பயந்து உடல் சுருங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் குறைக்க முடியும், அதனால் வலி குறைவது உண்மையான பலனே. அடிக்கடி பகுதி அடைப்பு வருபவர்கள், அந்த நாட்களில் நார் மிகுந்த உணவைத் தவிர்த்து, சிறிது சிறிதாக, நன்றாக மென்று உண்பது குடலுக்கு ஆறுதல் தரும்.

மருத்துவ ஆய்வுகளில் சேர விரும்பினால், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுப் பதிவுத் தளத்தில் தேடலாம். ஒவ்வோர் ஆய்விலும் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். யாரைச் சேர்க்கிறார்கள் என்ற வரியில் 'முதல் முறை அறுவைக்குச் செல்வோர்' என்று இருந்தால் அது உங்களுக்கானதன்று. முதன்மை அளவீடு என்ற வரியில் ஒட்டின் மதிப்பெண் மட்டும் இருந்து வலியைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால், வெற்றி பெற்றாலும் உங்கள் கேள்விக்கு விடை சொல்லாது. பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சைக்கு உங்களிடமே பெருந்தொகை கேட்டால், அதை ஆய்வு என்று நம்பிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதுவரை நடந்த எல்லா அறுவைகளின் செயல்முறைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது. ஒட்டு எந்த உறுப்பை எதனோடு பிணைத்திருந்தது, படலம் போன்றதா, தடித்ததா, எவ்வளவு பிரிக்கப்பட்டது, தடுப்புப் பொருள் ஏதும் வைக்கப்பட்டதா என்பவை அந்தக் குறிப்பில்தான் இருக்கும். வலி எப்போது வருகிறது, உணவோடும் மலம் கழிப்பதோடும் மாதவிடாய்ச் சுழற்சியோடும் அதற்குத் தொடர்பு உண்டா என்பதைச் சில வாரங்கள் எழுதி வையுங்கள். கருப்பை நீக்கப்பட்டிருந்தாலும் சினைப்பைகள் இருந்தால் சுழற்சி உண்டு. இவற்றை வைத்துக்கொண்டு முதலில் கார்னெட் சோதனை, அதில் உள்வலி என்று தெரிந்தால் சினி எம்ஆர்ஐ, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் மட்டும் அறுவை பற்றிய பேச்சு என்ற வரிசையில் போகலாம். பேச்சு அந்த இடத்துக்கு வந்தால், இந்த அறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், குடலில் காயம் ஏற்பட்டால் என்ன செய்வீர்கள், ஓராண்டு கழித்து வலி குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.